கெட்டும் பட்டணம் சேர்ந்தாயிற்று, ஓய்வுக்கு எங்கே சேர்வது?

வாசகர் ஒருவர் கேட்டது, 9 ஜூன் 2024

எனக்கு 48 வயது. ஐம்பதுக்கு மேல் சென்னையில் இருப்பவன் ஏமாளி என்பது என் கட்சி. தென்காசிப் பக்கம் பதினைந்து சென்ட் வாங்கி, சின்னதாக ஒரு வீடு, நாலு தென்னை, ஒரு பசுமாடு. அருவிக் குளியல், வீட்டு மோர், போன் அடிக்காத சாயங்காலம். இதைவிட எளிமையான வாழ்க்கை உண்டா? மறுப்பவர்கள் மறுக்கலாம்.

9 ஜூன் 2024, இரவு

முதலில் மாட்டை விடுங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு மாடு இருந்தது. காலை ஐந்தரைக்கு ஒரு கறவை, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு கறவை. நடுவில் தீவனம், தண்ணீர், சாணி, சினை ஊசி, கன்றுக்குக் கழிச்சல். நான் கல்லூரிக்குப் போகும்வரை அப்பாவும் அம்மாவும் சேர்ந்தாற்போல் இரண்டு ராத்திரி வெளியூரில் தங்கியதாக நினைவில்லை. ஒரு கல்யாணத்துக்கு அப்பா போனால் அம்மா வீட்டில், அம்மா போனால் அப்பா வீட்டில். மாடு எளிமை என்று உங்களுக்கு யார் சொன்னது?

11 ஜூன் 2024

மாட்டோடு நிறுத்தியது தப்பு. எனக்கும் இதே பித்துதான், அதனால்தான் கோபம் வந்தது.

52 வயது. தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவு, 58இல் மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். சொந்த ஊர் கடையம் பக்கம். 1996இல் ஒரு பெட்டியும் ஒரு மாமா வீட்டு முகவரியுமாகச் சென்னை வந்தேன். இப்போது மேற்கு மாம்பலத்தில் இரண்டாம் மாடி, லிப்ட் கிடையாது. மே மாத வெயிலில் அரிசி மூட்டையோடு நாற்பத்திரண்டு படி ஏறி நிற்கும்போதெல்லாம் எனக்கு ஊர் ஞாபகம் வரும். ஜூன் பிறந்தால் அங்கே சாரல் விழ ஆரம்பிக்கும். தென்காசிக் கோபுர வாசலில் நின்றால் காற்று ஆளைத் தள்ளும். ராத்திரி பொதிகையில் ஏறினால் காலையில் அங்கே. பிறகு ஏன் இன்னும் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்?

வீடு என்று ஒன்று இருக்கிறது. ஏழு சென்ட், ஓட்டு வீடு. ஆனால் கூட்டுப் பட்டா: அப்பா, இரண்டு சித்தப்பா, ஒரு அத்தை. நால்வரில் அத்தை மட்டும்தான் இருக்கிறார். மற்றவர்களின் வாரிசுகளையும் சேர்த்தால் பதினோரு கையெழுத்து வேண்டும். ஒருவர் துபாயில். ஒருவரோடு பேச்சுவார்த்தை நின்று ஒன்பது வருஷம் ஆகிறது. காரணம் ஒரு முருங்கை மரம், அது இப்போது இல்லை.

சரி, வெளியே மனை வாங்கலாம் என்றால் மத்தளம்பாறைக்கு ஸோஹோ மென்பொருள் நிறுவனம் வந்த பிறகு தரகர்களின் பேச்சே வேறு. எந்த மனையைக் காட்டினாலும் அது அங்கிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதையும் சேர்த்துத்தான் சென்ட் விலை சொல்கிறார்கள். நான் கேட்டது வடக்குப் பார்த்த வாசல், நல்ல தண்ணீர்.

அருவிக் குளியல் என்று எழுதியிருக்கிறீர்கள். போன மாதம் 17ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பள்ளிப் பையன் போய்விட்டான். எங்கள் வீட்டில் சின்ன வயதிலேயே சொல்லித் தருவார்கள்: தண்ணீர் கலங்கி, சருகு மிதந்து வந்தால் ஓடு. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அதை யார் சொல்வது?

12 ஜூன் 2024

ஒரு திருத்தம். ஏழு சென்ட் என்று எழுதினேன். அண்ணன் படித்துவிட்டுக் காலையிலேயே போன்: ஆறே முக்கால்தானாம். மீதிக் கால் சென்ட் பக்கத்து வீட்டுச் சுவருக்குள் இருக்கிறது.

30 ஜூன் 2024

பணம் பற்றிக் கேட்டவர்களுக்கு. தொழில் கணக்கு என்பதால் இந்தப் பகுதியில் மட்டும் கொஞ்சம் தெம்பாக எழுதுவேன்.

பி.எஃப். ஓய்வூதியத்தை நம்பி யாரும் திட்டம் போடவேண்டாம். சூத்திரம் எளிது: சம்பளத்தை வேலை பார்த்த ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். ஆனால் சம்பளம் என்று அவர்கள் எடுப்பது அதிகபட்சம் 15,000. முப்பத்தைந்து ஆண்டு என்றாலும் 7,500 ரூபாய். 2014 செப்டம்பருக்கு முந்தைய ஆண்டுகளுக்கு வரம்பு 6,500தான் என்பதால் என் கணக்கு ஐயாயிரத்துச் சொச்சத்தில் வந்து நிற்கிறது. மேற்கு மாம்பலத்தில் இது பராமரிப்புக் கட்டணம், மின்சாரம், ஒரு மாதக் காய்கறி. இலஞ்சியிலோ கடையத்திலோ ஓட்டு வீட்டு வாடகையும் பாலும்.

அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் திட்டம் பரவாயில்லை. 2023 பட்ஜெட்டில் உச்சவரம்பை 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கினார்கள். வட்டி இப்போது 8.2 சதவீதம், போட்ட அன்றைய வட்டி ஐந்து வருஷம் மாறாது. முழுத்தொகையும் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் கையில் வரும். ஆனால் அறுபது வயது ஆகவேண்டும். எனக்கு 58இல் வேலை முடிகிறது. நடுவில் இரண்டு வருஷம் காற்றைக் குடிக்க வேண்டியதுதான், அதற்காகவாவது தென்காசி போகலாம்.

3 ஜூலை 2024

தெம்பாக எழுதுவேன் என்று சொன்ன இடத்தில்தான் சறுக்கியது. அறுபது ஆகவேண்டியதில்லை. 55 முடிந்து ஓய்வு பெற்றவர்களும், ஓய்வுப் பணம் வந்த மூன்று மாதத்துக்குள் அதில் போடலாம். முன்பு ஒரு மாதம்தான் அவகாசம், 2023 நவம்பரில் மூன்றாக்கினார்கள். திருத்தியவர் அஞ்சலகத்தில் வேலை பார்த்தவராம். காற்றைக் குடிக்கத் தேவையில்லை.

1 செப்டம்பர் 2024

பேசிக்கொண்டே இருப்பதைவிட இருந்து பார்ப்போம் என்று பதினேழு நாள் விடுப்பு எடுத்து இலஞ்சியில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். சொந்த ஊருக்குப் போகவில்லை. போனால் அண்ணன் வீட்டில் சாப்பாடு, அண்ணன் வீட்டில் தூக்கம், அது ஒத்திகை ஆகாது. ஆகஸ்ட் 15 வியாழக்கிழமை வந்தது, மனைவி வெள்ளிக்கு விடுப்புப் போட்டு நாலு நாள் வந்துவிட்டுப் போனார். மீதிப் பதின்மூன்று நாள் நான் தனி.

முதல் ஐந்து நாள் சொர்க்கம். விடியலில் மலை முழுக்க மேகத்துக்குள் இருக்கும், எட்டு மணிக்கு மெல்ல இறங்கி வரும். வயலோரம் நடந்தால் சாரல் சட்டையை நனைக்காமல் மீசையை மட்டும் நனைக்கும். பிரானூர் போய்ப் பார்டர் பரோட்டா. கொழுப்பு மாத்திரையை அன்றைக்கு ஒன்றுக்கு இரண்டாகப் போடலாமா என்று யோசித்தேன்.

ஆறாம் நாள் துணி காயவில்லை. ஏழாம் நாளும் காயவில்லை. எட்டாம் நாள், ஈரம் போகாத பனியன் ஒன்று விசிறிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது, நான் தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் மூன்றிலிருந்து ஆறு வரை என்ன செய்வது என்று தெரியவில்லை. சென்னையில் அந்த மூன்று மணிநேரத்தை அலுவலகம் தின்றுவிடுகிறது. இங்கே அது என் எதிரில் வந்து உட்கார்ந்தது.

ஒன்பதாம் நாள் என்னையும் அறியாமல் ஜி.எஸ்.டி. கணக்கு ஒன்றை மடிக்கணினியில் திறந்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான்.

2 செப்டம்பர் 2024

ஒன்றைச் சொல்ல விட்டுப்போயிற்று. எந்தத் தெருவில் பார்த்தாலும் தெரிந்தவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள்: "எப்ப வந்தீய? எப்பப் போறீய?" சின்ன வயதிலிருந்து கேட்ட கேள்விதான், அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் டீக்கடைக்காரர் பதினேழு நாளும் இரண்டாவதைக் கேட்டார். போகவில்லை, ஒருவேளை இங்கேயே வந்துவிடலாம் என்று இருக்கிறேன் என்றேன் ஒருநாள். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் அண்ணாச்சி, அங்க எதும் பிரச்சனையா?" என்றார்.

22 செப்டம்பர் 2024

மனைவி இந்த இழையை முழுக்கப் படித்துவிட்டார். போனை மேசையில் திறந்தபடி வைத்துவிட்டுக் குளிக்கப் போனது என் பிழை.

அவர் அரசுப் பள்ளி ஆசிரியர். 2000இல் சேர்ந்தவர், அதனால் பழைய ஓய்வூதியம் உண்டு; 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குத்தான் கிடையாது. 2021இல் அரசு ஓய்வு வயதை அறுபதாக்கியது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நம்ம ரிட்டயர்மென்ட்னு பத்து இடத்துல எழுதியிருக்கீங்க. நான் ரிட்டயர் ஆகறது 2035. நீங்க 2030. கணக்குல இருக்கறவருக்கு இந்தக் கழித்தல் வரலையா?"

வரவில்லை. மூன்று மாதமாக வட்டி, வாடகை, சென்ட், கிலோமீட்டர் எல்லாம் கணக்குப் போட்டேன். இந்த ஐந்து வருஷம் என் தாளிலேயே இல்லை.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த நாலு நாள் இலஞ்சியைப் பற்றியும் சொன்னார். நான் மேகம் பார்த்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா, இரண்டு மதினிமார், அத்தை, அத்தை மகள்கள் என்று முறை வைத்து வந்தார்கள். வாடகை வீட்டில் இருந்தது இரண்டு பாத்திரம், ஒரு அடுப்பு. மூன்றாம் நாள் மட்டும் பதினெட்டு காபி போட்டாராம். எண்ணியிருக்கிறார். "அந்த நாலு நாள்ல யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடல. இங்க தெரு முனையில கறிவேப்பிலை விக்கறவர்கூட டீச்சர்னுதான் கூப்பிடறார். உங்க ஊர்ல நான் இன்னும் மருமகள்தான். அறுபது வயசுலயும் மருமகளா இருக்க என்னால முடியாது."

எனக்குப் பதில் இல்லை. இருபத்தைந்து வருஷம் முன்பு கும்பகோணத்திலிருந்து அவர் சென்னை வந்தபோது, ஊரை விட்டு வந்தது நான் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் போல.

24 செப்டம்பர் 2024

"அப்படியானால் பெண்டாட்டி ஊருக்குப் போங்களேன்" என்று ஒருவர். கடையத்துக்காரனிடம் கேட்கக்கூடாத கேள்வி இது. பாரதி 1918 கடைசியில் கடலூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்து தங்கியது செல்லம்மாளின் ஊரான எங்கள் கடையத்தில்தான். ஏறக்குறைய இரண்டு வருஷம். 1920இல் சுதேசமித்திரன் வேலைக்குச் சென்னை திரும்பிவிட்டார். பாரதி வாழ்ந்த ஊர் என்று நாங்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வோம். கிளம்பிப் போனதைச் சொல்லமாட்டோம்.

மனைவியிடமும் கேட்டேன், கும்பகோணம் போகலாமா என்று. அங்கே அவர் அண்ணன் இருக்கிறார், அண்ணி இருக்கிறார், வீடு அவர்களுடையது. "அங்க போனா நான் விருந்தாளி" என்றார். காவிரிக்கரை, வெற்றிலை, டிகிரி காபி என்று நான் ஆரம்பித்ததும் எழுந்து போய்விட்டார்.

6 அக்டோபர் 2024

மருத்துவம். எல்லோரும் மாரடைப்பைப் பற்றியே கேட்கிறீர்கள்: நடுராத்திரி நெஞ்சு வலித்தால் தென்காசியில் என்ன செய்வீர்கள் என்று. தென்காசியில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது, 108 இருக்கிறது. சென்னையிலும் மழை நாளில் ஆம்புலன்ஸ் எங்கள் தெருவுக்குள் வந்துவிடும் என்று என்ன உத்தரவாதம்?

எனக்குப் பயம் அது அல்ல. அப்பாவுக்குச் சிறுநீரகம் போய் இரண்டு வருஷம் டயாலிசிஸ். வாரம் மூன்று நாள் திருநெல்வேலி. போக வரச் சுமார் நூறு கிலோமீட்டர். காலை நாலரைக்கு வாசலில் கார் வந்து நிற்கும். அம்மா ஒரு டப்பாவில் நாலு இட்லி வைப்பாள், ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் அளந்து பாட்டிலில் ஊற்றுவாள். நாள் முழுக்க அவருக்கு அவ்வளவுதான் அனுமதி. திரும்பும்போது அப்பா பின்சீட்டில் படுத்திருப்பார், ஆலங்குளம் தாண்டும்போது ஒருமுறை கண்ணைத் திறந்து எந்த ஊர் என்று கேட்பார். கடைசியில் கணக்குப் பார்த்தால் சிகிச்சைக்கு ஆனதைவிடக் காருக்கு ஆனது அதிகம். ஓட்டுநர் எங்கள் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டார். அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில் பந்தியில் உட்காராமல் பரிமாறினார்.

ஆகவே என் கேள்வி இதுதான்: வாரம் மூன்று நாள் போகவேண்டிய இடத்துக்கு ஆட்டோவில் போகமுடியுமா? அவசரம் ஒருநாள் வரும், யாராவது தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நாள்பட்ட வியாதிக்கு யாரும் தினமும் ஓடமாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை இப்போது வீட்டு வாசலுக்கே வருகிறது, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். அத்தைக்கு அதில்தான் வருகிறது. கொண்டுவரும் பெண்ணுக்காக அத்தை முந்தின நாளே முறுக்கு எடுத்து வைப்பார். மாத்திரைக்கா, அந்தப் பெண்ணோடு பேசுவதற்கா என்று தெரியவில்லை.

20 அக்டோபர் 2024

கோவை மூத்தோர் குடியிருப்புகளைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். பெரியப்பா மகள், எனக்கு அக்கா, வடவள்ளிப் பக்கம் அப்படி ஒன்றில் இருக்கிறார். போய்ப் பார்த்தேன். கிண்டல் செய்யலாம் என்றுதான் போனேன்.

இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு. ஏழு பத்துக்குப் போனால் எல்லோரும் மோருக்கு வந்துவிட்டார்கள். அறிவிப்புப் பலகையில் பஜனை நேரம், பிசியோதெரபி நேரம், ஒரு பிறந்தநாள் வாழ்த்து, ஒரு இரங்கல். அத்தான் பொரியலில் உப்பில்லை, காரமில்லை என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் புலம்பினார். அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: "நாப்பத்தோரு வருஷமா தினம் காலையில எந்திரிச்சதும் இன்னிக்கு என்ன சமைக்கறதுன்னு யோசிச்சேண்டா. இங்க வந்து மூணு வருஷம், ஒருநாள்கூட யோசிக்கல."

எளிய வாழ்க்கை என்று நாம் இங்கே நாலு மாதமாகப் பேசுகிறோமே, வீட்டு மோர் என்று முதல் பதிவிலேயே வந்ததே, அதை யார் கடைவது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும்தான்.

குறையும் உண்டு. மாதக் கட்டணம் வருஷாவருஷம் ஏறுகிறது. விற்கவேண்டும் என்றால் வாங்குகிறவரும் வயதானவராக இருக்கவேண்டும் என்று விதி, ஆகவே சட்டென்று விற்காது. பிள்ளைகள் அதைச் சொத்தாக நினைக்கக்கூடாது, செலவாக நினைக்கவேண்டும் என்கிறார் அத்தான். உப்பில்லாததுதான் அவருக்குப் பெரிய குறை.

3 நவம்பர் 2024

தீபாவளி முடிந்தது. எங்கே போவது என்பதை ஒத்திவைத்துவிட்டுப் பரணைத் திறந்தோம். எப்படியும் ஒருநாள் செய்யவேண்டியது.

இறக்கியவற்றில் எவர்சில்வர் டம்ளர் மட்டும் அறுபத்துநாலு. எங்கள் கல்யாணத்துக்கு வந்தவை. அந்தக் காலத்தில் பாத்திரக்கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள், புள்ளி புள்ளியாக. எல்லாவற்றிலும் 12-9-99. அதில் ஆறு டம்ளர் கொண்ட செட் ஒன்றில் "கு. ரா. குடும்பத்தார்" என்று இருக்கிறது. யார் இந்த கு. ரா.? என் பக்கம் யாருக்கும் தெரியவில்லை. மனைவி பக்கம் கும்பகோணத்துக்குப் போன் போட்டோம், அங்கேயும் தெரியவில்லை. இருபத்தைந்து வருஷம் முன்பு எங்களை வாழ்த்த வந்து, மொய்யோடு நிற்காமல் ஆறு டம்ளருக்குப் பெயரும் வெட்டிய குடும்பம். இப்போதுதான் எடுத்துப் பயன்படுத்துகிறோம். மற்ற ஐம்பத்தெட்டும் போய்விட்டன.

பாத்திரக்கடைக்காரர் எடைக்குப் போட்டுக்கொண்டார். புதிது வாங்கும்போது பேசும் பேச்சும் பழையது வாங்கும்போது பேசும் பேச்சும் வேறு வேறு. சுவர்க் கடிகாரம் ஐந்து, ஹாட்பேக் நாலு, கேசட் பெட்டி, மகளின் முதல் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எல்லா நோட்டும். நோட்டுகள் பழைய பேப்பர் வண்டியில் ஏறியதும் மனைவி ஓடிப்போய் ஒன்றை மட்டும் உருவிக்கொண்டு வந்தார். இரண்டாம் வகுப்புத் தமிழ். பெங்களூரில் இருக்கும் மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினால், "அம்மா, இதையெல்லாம் ஏன் இன்னும் வெச்சிருக்கீங்க" என்கிறாள்.

அவர் விடாதவை இரண்டு: அவர் அம்மாவின் வெங்கலப் பானை, மகளுக்குப் பால் புகட்டிய பாலாடை. நான் விடாதது ஓடாத டிரான்சிஸ்டர்.

17 நவம்பர் 2024

அடுத்த சுற்று, காகிதங்கள். எனக்கு வங்கிக் கணக்கு ஐந்து இருந்தது, ஒவ்வொரு வேலைக்கும் ஒன்று. மூன்றை மூடினேன். ஒன்றை மூட நாலு முறை போகவேண்டியிருந்தது. திறக்க ஒரே முறைதான் போயிருந்தேன்.

ரிசர்வ் வங்கி 2023இல் உத்கம் என்று ஒரு தளம் தொடங்கியது, கேட்பாரற்ற வைப்புகளைத் தேட. பத்து வருஷம் தொடாத கணக்குகளை அதில் தேடலாம். சும்மா அப்பா பெயரைப் போட்டுப் பார்த்தேன். ஊர்ப் பக்கத்து வங்கி ஒன்றில் அவர் பெயரில் கணக்கு இருக்கிறது. போய்க் கேட்டால் இருப்பு மூவாயிரத்துச் சொச்சம், பால் பணம் வந்துகொண்டிருந்த கணக்காக இருக்கும். நாமினி இல்லை. வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போடவேண்டும். முருங்கை மரம் மறுபடி வந்து நின்றது.

விட்டுவிட்டேன். அப்பா பெயரில் ஒரு கணக்கு இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் என் கணக்குகளில் நாமினி இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்தேன். ஒன்றில் அம்மா பெயர் இருந்தது. அம்மா போய் ஆறு வருஷம்.

15 டிசம்பர் 2024

நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல், எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். இரண்டு வாரம் கழித்துக் குற்றாலத்தில் பேரருவி செம்மண் நிறத்தில் கொட்டி, கடைவீதி வரை தண்ணீர். போன வருஷமும் இதே கதை: டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் இங்கே, பதினேழு பதினெட்டில் தெற்கே, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. மழைக்குப் பயந்து ஊர் மாறுகிறவர்கள் எங்கே போவார்கள்?

11 ஜனவரி 2025

ஸ்ரீரங்கம் என்று சொன்னவருக்கு: நேற்று வைகுண்ட ஏகாதசிக்குப் போயிருந்தோம். தெற்குச் சித்திரை வீதியில் திண்ணை வைத்த வீடு ஒன்றைப் பார்த்து மயங்கி நின்றேன். மனைவி கூட்டத்தைப் பார்த்தார். முடிந்தது.

16 பிப்ரவரி 2025

இதுவரை எழுதியதெல்லாம் கதை. இப்போது உண்மையாகவே வீட்டைக் காலி செய்யவேண்டும்.

எங்கள் அடுக்குமாடி 1994இல் கட்டியது. தூண்களில் கம்பி தெரிகிறது. இடித்துவிட்டு லிப்ட், கார் நிறுத்தம் எல்லாம் வைத்துக் கட்டித் தருகிறோம் என்று கட்டுநர் ஒருவர் ஒரு வருஷமாகப் பின்னால் அலைகிறார். பழைய காலம் போல் அத்தனை பேரும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை; 2022ஆம் வருஷத்து அடுக்குமாடிச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்குப் பேர் போதும். பன்னிரண்டு வீட்டில் ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டாயிற்று, நான் ஒன்பதாவது ஆள்.

தரைத்தளத்தில் ஒரு மாமி, 78 வயது, தனியாக இருக்கிறார். கூட்டத்தில் கட்டுநரின் ஆள் வரைபடத்தை விரித்து, இரண்டே வருஷம், சாவியைக் கையில் கொடுத்துவிடுவோம், புது வீடு பழையதைவிட எண்பது சதுர அடி பெரிது என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். மாமி முழுக்கக் கேட்டுவிட்டு, "நான் அந்த எண்பது சதுர அடியைப் பெருக்கப்போறதில்லை. இந்த வீட்டை விட்டுப் போனா திரும்பி வருவேனான்னும் தெரியாது. வேற யாருக்காவது அந்த இடத்தைக் குடுங்கோ" என்றார். கட்டுநரின் ஆள் வரைபடத்தைச் சுருட்டினார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. கையெழுத்துப் போட்டவன் என்ற முறையில் எனக்குத் தலை நிமிரவில்லை.

18 பிப்ரவரி 2025

மாமி என்ன ஆனார் என்று கேட்கிறீர்கள். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. சட்டத்துக்கு அவர் கையெழுத்து தேவையும் இல்லை, அதுதான் சங்கடம். மனைவி தினமும் சாயங்காலம் கீழே போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறார். கட்டடத்தைப் பற்றிப் பேசுவதில்லையாம்.

27 ஏப்ரல் 2025

சித்திரை பிறந்ததும் வீடு மாறினோம். ஜாபர்கான்பேட்டையில் ஒரே படுக்கையறை, நாலாம் மாடி, லிப்ட் உண்டு. மனைவிக்கு அதே பேருந்து, அதே நடத்துநர். மாமி அவர் தங்கை மகன் வீட்டுக்கு, குரோம்பேட்டைக்குப் போயிருக்கிறார். போகும்போது வாசலில் இருந்த துளசிமாடத்தை எங்களிடம் கொடுத்தார். பால்கனியில் வைத்திருக்கிறோம், வெயில் போதவில்லை, இடம் மாற்றி மாற்றி வைக்கிறார் மனைவி.

குட்டியானை மூன்று நடை ஆகும் என்று பேசி முன்பணம் கொடுத்திருந்தேன். இரண்டே நடையில் முடிந்தது. வண்டிக்காரருக்கு வருத்தம், மூன்றாவது நடைக் காசைத் திருப்பித் தர மனமில்லை. நானும் கேட்கவில்லை.

ஐந்து வருஷம் கழித்து எங்கே என்று இப்போது யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. 2035 என்று மனைவி சொல்கிறார், அதுவரைக்கும் கேட்காதீர்கள் என்கிறார்.

28 ஏப்ரல் 2025

முதல் கேள்வி கேட்ட நண்பர் பத்து மாதம் கழித்து வந்து பதில் போட்டிருக்கிறார். பாவூர்சத்திரம் பக்கம் எட்டு சென்ட் வாங்கி ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டாராம். மாடு இல்லை, நாய் மட்டும். வாழ்த்துகள். நாய்க்கும் ஆள் வேண்டும், நீங்கள் கல்யாணத்துக்குப் போகும்போது சொல்லுங்கள். மே கடைசியில் பத்து நாள் நாங்கள் அந்தப் பக்கம் இருப்போம். மனைவிக்குக் கோடை விடுமுறை. சாரலுக்கு முந்திய வெயில்தான் இருக்கும், பரவாயில்லை, துணியாவது காயும்.

இந்த முறை லாட்ஜில் அறை, ஓட்டலில் சாப்பாடு, காபி உட்பட. சொந்தக்காரர்கள் யாருக்கும் சொல்லவில்லை. இதைப் படிக்கிற அண்ணன் மட்டும் தயவுசெய்து வாயைத் திறக்கவேண்டாம்.